சக்கரத்தின்மேல் ஓர் இல்லம்

வீட்டையே வண்டியிற் கொண்டுசெல்வது மேனாட்டார் கண்ட புதுமை எனக் கருதுவோர் உளர். அது தமிழருக்குப் பழையது. உப்பு வணிகரான உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது: கோழி உறங்கும் கூடு, தொங்கும் சிற்றுரல், காடி வைத்த கலம், கைக்குழந்தையுடன் எருது ஓட்டும் தாய். மேடு பள்ளங்களில் அச்சு முறியலாமென அஞ்சி, வண்டியின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என்று புறநானூறு கூறும்.

இத்தகைய வண்டி வாழ்க்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத்தளையும் கண்டது. 1867இல் கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை திறக்கப்படும்வரை, இங்குள்ள தோட்டங்களின் கோப்பி இரட்டை மாட்டு வண்டிகளிலேயே கொழும்பை நோக்கிச் சென்றது. பல நாட் பயணத்தில், வண்டிக்காரனுக்கு அவ்வண்டியே மழைக்கு ஒதுங்கும் கூரை. அதன் அடியே படுக்கை.

ஆதலால் பழுது பார்த்தல் அவனுக்கு உயிர்காப்பு. கடுகண்ணாவைச் சரிவில் கடையாணி ஒன்று கழன்றால், பாரமும் எருதும் ஆளும் பள்ளத்திலே. அச்சுக்கு மசகிடுவான், கூரைக்குக் கிடுகு மாற்றுவான். மரம் உலர்ந்து சக்கரப் பட்டை தளர்ந்தாற் கொல்லனிடம் செல்வான். கொல்லன் பட்டையைக் குறுக்கி, நெருப்பிற் காய்ச்சி விரியச் செய்து, வட்டையில் மாட்டி நீரூற்றுவான். குளிர்ந்து சுருங்கும் இரும்பு, ஆரக்கால்களை இறுக்கிப் பிடிக்கும்.

1880இல் புகையிரதம் மாத்தளைக்கே வந்தது. நெடுவழிப் பாரம் அதன் வசமாயிற்று. எனினும், பழைய மோட்டார் வீட்டுவண்டியைப் பேணுவோருக்கும் உமணரின் நெறியே நெறி: வழியில் முறியக்கூடியதைப் புறப்படுமுன்னே அறிந்து, மாற்றுப்பொருளை உடன் கொண்டு செல்லுதல்.