கரிசல் மண்ணும் கடல் மயக்கமும்

வாணிக வரலாறு எழுதுவோர், எத்தனை மூட்டைகள் ஏற்றுமதியாயின, எத்தனை பேர் அக்கரை சென்றனர் என்று கணக்கிடுவர். அப்பயணிகளின் உடல் கடலில் பட்ட பாட்டை எழுதுவோர் அரியர். விருதுநகர், சிவகாசி வட்டாரத்தாரின் இலங்கைப் பயணத்தை எண்ணும்போது இக்குறையை நாம் நன்கு உணர்கிறோம்.

இது வானம் பார்த்த பூமி. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்குமுன், மழை பொய்த்த ஆண்டுகளில் வெளியூர் செல்வதே பலருக்குப் பிழைப்பாயிருந்தது. 1910-இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் இவ்வூர்களும் கீழக்கரையும் இராமேசுவரமும் ஒன்றாயிருந்தன, 1985-இல்தான் பிரிந்தன. எனினும், கீழக்கரை மரக்காயருக்குத் தொட்டிலாயிருந்த கடல், கரிசல்காட்டாருக்கு அந்நியமே.

1876-இல் மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை, அன்று விருதுபட்டி எனப்பட்ட விருதுநகர் வழியே சென்றது. தூத்துக்குடியில் கப்பலேறினால் கொழும்புக்கு ஓரிரவுப் பயணம். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 22 மைல் கடந்தாற் போதும் என்றாயிற்று. இரவு முழுதும் பட்ட அவதி சில மணி நேரமாகச் சுருங்கிற்று. ஆயினும் அது முற்றும் நீங்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மன்னார் வளைகுடாவைக் கலக்கும். வடகிழக்குப் பருவக்காற்று பாக் நீரிணையைக் கொந்தளிக்கச் செய்யும்.

கடல் மயக்கம் கோழைத்தனமன்று. உட்செவியிலுள்ள நீர் உடலின் ஆட்டத்தை மூளைக்கு அறிவிக்கிறது. மூடிய அறையிலிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இவ்விரு சாட்சிகளின் முரண்பாடே தலைசுற்றலும் குமட்டலும். எனவே, மேல்தளத்தில் காற்றுப்பட அமர்ந்து, தொடுவானத்தை நோக்குவது நலம். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. வயிறு நிறையவும் உண்ணலாகாது, வெறும் வயிறாகவும் ஏறலாகாது. படிப்பதைத் தவிர்க்க வேண்டும். நம் இல்லத்துப் பெண்கள் மூட்டையில் முடிந்தனுப்பிய இஞ்சியின் பயனை இன்றைய ஆய்வாளரும் மறுப்பதில்லை. மாத்திரை வேண்டுவோர் மருத்துவரைக் கேட்டுக் கப்பலேறுமுன்பே உட்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கியபின் அதனால் பெரும்பயன் இல்லை.

இத்துன்பத்தை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. கடலில் தலைசுற்றி வாந்தியுறுபவருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூதின் தொகுப்பில் காணப்படுகிறது. அதை அறிவித்தவர், பின்னாளில் சைப்ரஸ் தீவுக்குக் கடற்பயணம் மேற்கொண்ட உம்மு ஹராம் (ரலி) என்னும் பெண்மணி. 14-ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஅபருக்கு வந்த இப்னு பதூதாவும், தம் கப்பல் நம் கரையருகே புயலில் சிதைந்ததை எழுதிவைத்துள்ளார்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில், இலங்கையில் போர் மூண்டபோது நின்றது. கடலின் இருபுறமும் வாழ்ந்த உறவுகள் அறுபட்டன. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. அவ்வாண்டுப் பருவமழைக் காலத்தில் அதுவும் ஓய்ந்திருக்க நேர்ந்தது. கடலின் ஆட்சி அன்றுபோலவே இன்றும் நடக்கிறது.

மயக்கத்தோடு ஒரு நாள் போராடிக் கரையேறியவர்கள், ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குடும்பம் உண்ணவேண்டும் என்பதற்காக மீண்டும் மீண்டும் கப்பலேறினார்கள். இஞ்சியும் பொறுமையும் அவர்கள் கைக்கொண்ட மருந்துகள். அவர்கள் ஈட்டிய பொருளைப் பேசும் நாம், அதற்கு அவர்கள் உடலால் தந்த விலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.