கூசிக் கோட்டை

வடபிரான்சின் எய்ன் மாவட்டத்தில், சுவாசோன் நகருக்கு வடக்கே, அய்லெத் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே நீண்டு நிற்கும் பாறைமேட்டில் அமைந்த கோட்டை. இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய வட்டக் கோபுரம் இங்கேதான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கிடப்பது கற்குவியல்.

ரெய்ம்ஸ் பேராயர் எர்வே 920ஆம் ஆண்டையொட்டி இங்கே முதல் அரணைக் கட்டினார். 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் ஆங்கெரான் அதைக் கைப்பற்றினார். அவருடைய மகன் தோமா தெ மார்ல் தேவாலய நிலங்களைச் சூறையாடியதால், அரசர் ஆறாம் லூயி படையெடுத்து வரவேண்டியதாயிற்று. காயத்துடன் பிடிபட்ட தோமா 1130இல் லான் நகரில் இறந்தார்.

கோட்டைக்குப் பெருமை தேடித் தந்தவர் மூன்றாம் ஆங்கெரான். 1214இல் பூவின் போரில் அரசர் பக்கம் நின்று போரிட்ட இவர், 1220களில் கோட்டையைப் புதிதாக எழுப்பத் தொடங்கினார். நாற்புறமும் மூலைக் கோபுரங்கள். அவற்றுக்கெல்லாம் தலைமையாக ஏறத்தாழ 55 மீட்டர் உயரமும் 31 மீட்டர் விட்டமும் கொண்ட பெருங்கோபுரம். அதன் அடிச்சுவர் 7 மீட்டருக்கும் மேல் தடிமன். பாரிசில் அரசர் இரண்டாம் பிலிப்பு கட்டியிருந்த லூவ்ர் கோபுரமோ 30 மீட்டர் உயரம், 15 மீட்டர் விட்டம். அரசருக்குக் கட்டுப்பட்ட ஒரு பிரபு, அரசருடையதைப் போல் இரு மடங்கு கோபுரம் எழுப்பினார் என்பதிலேயே அவர் சொல்ல வந்தது விளங்கும். தான் மன்னனோ இளவரசனோ கோமகனோ இல்லை, கூசியின் பிரபு என்பதே போதும் என்பதுதான் அந்தக் குடும்பத்தின் விருதுமொழி.

அந்தச் செருக்கு நீதிமன்றப் படியும் ஏறியது. தன் காட்டில் வேட்டையாடிய மூன்று இளைஞர்களை நான்காம் ஆங்கெரான் தூக்கிலிட்டார். ஒன்பதாம் லூயி அவரைச் சிறைப்பிடித்து விசாரித்துப் பெருந்தொகை அபராதம் விதித்தார். வாரிசின்றி அவர் 1311இல் இறந்ததும், கோட்டை சகோதரி வழியில் கீன் குடும்பத்துக்குப் போனது.

அந்த வழியில் வந்த கடைசிப் பிரபு ஏழாம் ஆங்கெரான். இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டின் மகள் இசபெல்லாவை 1365இல் மணந்தார். பெட்ஃபோர்டு பிரபு என்ற பட்டமும் பெற்றார். மாமனார் இறந்தபின் அந்தப் பட்டத்தைத் துறந்து பிரெஞ்சு அரசரோடு நின்றார். இரு அரசர்களுக்கும் கடமைப்பட்ட அவருடைய வாழ்வையே மையமாக வைத்து, பார்பரா டக்மன் 14ஆம் நூற்றாண்டைப் பற்றிய தன் வரலாற்று நூலை 1978இல் வெளியிட்டார். 1396இல் நிக்கோபோலிஸ் போரில் துருக்கியரிடம் சிறைப்பட்ட ஆங்கெரான், மறு ஆண்டு பூர்சாவில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. மகள் மரி 1400இல் கோட்டையை அரசரின் தம்பி லூயி தோர்லியானுக்கு விற்றார். அந்த லூயியின் பேரன் 1498இல் பன்னிரண்டாம் லூயியாக முடிசூடியபோது, அரசரை மிஞ்ச எழுந்த கோபுரம் அரசருக்கே சொந்தமானது.

1652இல், ஃபிரோந்து கலகத்தின்போது, அமைச்சர் மசாரின் கோட்டையைப் பயனற்றதாக்க உத்தரவிட்டார். வெடிவைத்தும் கோபுரச் சுவர் விழவில்லை. உள்ளே மட்டும் சிதைந்தது. 1692ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சுவர் விரிசல் கண்டது. புரட்சிக்குப் பின் ஊரார் வீடு கட்டக் கல்லெடுத்துப் போனார்கள். 1856இல் கட்டடக் கலைஞர் வியொலே லெ துயுக் கோபுரத்துக்கு இரும்புப் பட்டைகள் பூட்டி, மேலே கூரையும் போட்டுக் காப்பாற்றினார்.

1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை கோட்டையைப் பிடித்தது. 1917 மார்ச்சில் பின்வாங்கும்போது, கோட்டையை விட்டுவிடுமாறு பவேரிய இளவரசர் ருப்ரெக்ட் வேண்டினார். தளபதி லூடன்டார்ஃப் இணங்கவில்லை. பெருங்கோபுரத்துக்கு மட்டும் 28 டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். பீரங்கிகளின் காலத்தில் அந்தக் கற்கோபுரத்தால் யாருக்கு என்ன ஆபத்து வந்திருக்கும்? இந்த அழிவுக்குப் போர்த்தேவை எதையும் காண முடியவில்லை. ஏழு நூற்றாண்டுகளில் கோட்டை எத்தனையோ கை மாறியது. அதை வேரோடு சாய்த்தவர்கள் இரண்டரை ஆண்டுகள் மட்டுமே வைத்திருந்தவர்கள்.

பிரான்சு அந்தச் சிதைவைக் காட்டுமிராண்டித்தனத்தின் நினைவுச்சின்னமாக அறிவித்தது. கோபுரத்தை மீண்டும் கட்டவில்லை. இப்போது அரசின் தேசிய நினைவுச்சின்ன மையம் பராமரிக்கிறது. நகர மதிலும் லான் வாயிலும் நிலவறைகளும் காணக் கிடைக்கின்றன. கோபுரத்தின் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த மூன்று மண்டபங்களை வியொலே லெ துயுக் வரைந்து வைத்த படங்களில் பார்க்கலாம்.