வளைவு நிக்குது, வேலை எங்கே?

நடுவர் அவர்களே, "கட்டடத்தைக் கட்டுங்க, நொடிச்ச கடைவீதி தானா எழுந்திரிக்கும்" என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார்.

நண்பர் அலங்கார வளைவு வேணும்னு சொன்னார். வளைவுதானே? சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலைக்கு வாங்க, காட்டுறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு!

எங்க திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அவர்கள் எடுத்தது. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள்! 1963-இல் சுந்தரம் மறைந்தார். சினிமாத் தொழில் சென்னையில் குவிந்தது. பிறகு ஸ்டுடியோவும் மூடப்பட்டது. தச்சர், தையல்காரர், பெயின்டர் எல்லாருக்கும் ஒரே வாசல். வாசல் மூடியதும் கூட்டம் கலைந்தது. வளைவு இன்னும் நிக்குது ஐயா, வேலை எங்கே?

இப்போ எங்க நாமக்கல்லுக்கு வாங்க. வானம் பார்த்த பூமி. மழை ஏமாத்தினப்போ, நிலத்தை நம்பியிருந்தவன் லாரியை நம்பினான், கோழியை நம்பினான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. சின்ன வயசில் எங்க மாமா பட்டறைக்குப் போனேன். அவர் மாட்டுவண்டி செய்த தச்சர். "ஏனுங் மாமா, உங்களுக்கு லாரி பாடி கட்டத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "கண்ணு, தன்னை மாடு இழுக்குதா, டீசல் இழுக்குதான்னு மரத்துக்குத் தெரியுமா?"ன்னார். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இதுதான் வரலாறு. தொழில் மாறினாலும் கைத்திறமை சாகலை. ஒரு பட்டறையை நம்பி இரும்புக்கடை, பெயின்ட் கடை, தார்ப்பாய்க் கடை, இட்லிக் கடை. கடைவீதி இப்படித்தான் வளர்ந்தது. யாரும் வளைவு கட்டி வளர்க்கலை.

இன்றைக்கு லாரிக் கம்பெனிகளே பாடி கட்டிய வண்டியை விற்கின்றன. போதாக்குறைக்கு 2024-இல் வெளியூர் பஸ்களும் முதலைப்பட்டிப் புதிய நிலையத்துக்குப் போயின. பழைய பஸ் நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்தவர் கவலை எனக்குப் புரியுது. அங்கே ஓடு பதிச்சு விளக்குப் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனா அந்த வெளிச்சத்துல யார் நிற்பாங்க? காலியாகும் கடையைக் குறைந்த வாடகைக்கு ஒரு வெல்டருக்குக் கொடுங்க, ஒரு எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்க. பக்கத்துல நாலு பையன் தொழில் கத்துக்கட்டும். அவன் சாப்பிட வருவான், சட்டை எடுக்க வருவான். கடைவீதி தானா நிறையும்.

கட்டடம் ஊருக்குச் சட்டை. தொழில்தான் உயிர். உயிர் போன உடம்புக்குப் புதுச்சட்டை எதுக்குப் போடுவோம்னு உங்களுக்கே தெரியும்! ஆகவே, ஊரை எழுப்புவது தொழிலே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.