வெளிநாட்டுல இருக்கீங்களா? விட்டுப்போன ஐ.டி ரிட்டர்னை இப்பவும் தாக்கல் பண்ணலாம்!
துபாய், சிங்கப்பூர்னு வேலைக்குப் போயாச்சு. ஊர்ல வீட்டு வாடகையும் என்.ஆர்.ஓ டெபாசிட் வட்டியும் வந்துட்டிருக்கு. ஆனா, சில வருஷமா ரிட்டர்ன் தாக்கல் பண்ணலையா? பதற வேண்டாம்.

வரி பாக்கி இருந்தால், ஐ.டி.ஆர்-யு படிவம் கைகொடுக்கும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. ஆனால், தள்ளிப்போட்டா செலவு ஏறும். வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் முதல் வருஷம் 25%, அடுத்தடுத்த வருஷங்களில் 50%, 60%, 70% கூடுதலாகக் கட்டணும்.

ரீஃபண்ட் வாங்க இந்தப் படிவம் உதவாது. வங்கி டி.டி.எஸ் அதிகமாகப் பிடித்திருந்தால், தாமதத்துக்கான நியாயமான காரணத்தைச் சொல்லி, 5 ஆண்டுகளுக்குள் இ-ஃபைலிங் தளத்தில் 'கண்டோனேஷன்' கோரிக்கை வைக்கணும். அனுமதி கிடைத்த பிறகுதான் ரிட்டர்ன்.

கடைசியா, 30 நாளுக்குள் இ-வெரிஃபை பண்ணிடுங்க. ஆதார் ஓ.டி.பி வர்ற பழைய சிம் செயல்படலையா? நெட் பேங்கிங் வழியாகவும் முடிக்கலாம்!