வீடென்று ஒப்புக்கொள்ளப்படாத வண்டி

அமெரிக்காவில் பழைய ட்ரெய்லரை வீடாக்கிக் குடியிருப்பவர்களுக்குக் கூரைப் பழுது ஓயாத வேலை. கூரை ஒழுகிச் சுவர் உளுத்துவிட்டால், வண்டியைப் பேணத் தெரியாதவர்கள் என்ற பழி அவர்கள்மீதே விழுகிறது. இந்தப் பழி அநியாயமானது. உளுப்புக்கு விதை போட்டது அந்த வண்டி கட்டப்பட்ட விதம். அதில் மக்களைக் குடிவைத்துக்கொண்டே அதை வீடாக ஏற்க மறுத்த அரசுக்கும் இதில் பங்குண்டு.

1950, 60களின் சாதாரண ட்ரெய்லரில் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ப்ளைவுட், இரண்டுக்கும் நடுவே ஒல்லியான ரீப்பர் கட்டைகள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பில் புட்டி வைத்து, அதன்மேல் அலுமினியப் பட்டையை அழுத்தி வரிசையாக ஸ்குரூ முடுக்கியிருப்பார்கள். சாலைக் குலுக்கலிலும் வெயில், பனியிலும் அந்தப் புட்டி காய்ந்து வெடிக்கும். ஸ்குரூ துளையில் இறங்கிய நீர் கட்டையோடு ஊர்ந்து கீழ்மூலையில் தேங்கும். உள்சுவர் உப்புவது கண்ணில் படும்போது அந்தக் கட்டை வெறும் விரலால் பிய்க்கும் பதத்தில் இருக்கும். மேலே சிலிக்கோனை அப்பிவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் சிக்கியபடியே இருக்கும். பட்டையைக் கழற்றி, பழைய புட்டியைச் சுரண்டி, நல்ல மரம் தட்டுப்படும்வரை வெட்டியெடுத்து, புதுக் கட்டை சேர்த்து, பியூட்டைல் டேப் வைத்து மறுபடி முடுக்குவதே உருப்படியான வேலை. இதோடு, குடியிருப்பவர்களின் மூச்சும் சமையலும் எரிவாயு எரியும்போது பிறக்கும் நீராவியும் குளிர்காலத்தில் சில்லிட்ட தகட்டின் உட்புறம் படிந்து வடியும். கோடையில் இரண்டு வாரம் தங்கிவிட்டு நிறுத்திவைக்கும் வண்டிக்குக் காய அவகாசம் உண்டு. பன்னிரண்டு மாதமும் ஆள் இருக்கும் வண்டிக்கு அது கிடைப்பதில்லை.

விடுமுறைக்காகச் செய்த வண்டியில் குடியேறியது யார் குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தயாரிப்பாளர்களும் நிரந்தரக் குடியிருப்புக்கு அல்ல என்று எழுதியே விற்கிறார்கள். ஆனால் வண்டியும் வீடும் தொடக்கத்திலிருந்தே பிரிந்து இருந்ததில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் பலருக்கு ட்ரெய்லரே கூரையானது. அமெரிக்கர்களில் பாதிப்பேர் இருபது ஆண்டுகளில் ட்ரெய்லரில் வாழ்வார்கள் என்றுகூட அந்தப் பத்தாண்டில் பொருளாதாரக் கணிப்பாளர் ரோஜர் பாப்சன் கணித்தார். கணிப்பு பலிக்கவில்லை. என்றாலும் இரண்டாம் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைக் குடிவைக்க மத்திய அரசே பல்லாயிரம் ட்ரெய்லர்களை வாங்கியது. 1954-இல் பத்தடி அகல வண்டிகள் வந்தபின் தொழில் இரண்டாகப் பிளந்தது: அகலமானவை ஓரிடத்தில் நிற்கும் வீடுகளாயின, குறுகியவை பயண வண்டிகளாகவே நின்றன. 1976 ஜூன் 15 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் கட்டுமான விதிகள் முதல் வகைக்கு மட்டும் பொருந்தின. அந்த விதிகளால் தொழிற்சாலை வீடுகளின் தீப்பாதுகாப்பும் உறுதியும் கூடின என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பயண வண்டி அவற்றுக்கு வெளியே நின்றது. அதில் வாழ்ந்தவர்களும் அதோடு வெளியே நின்றார்கள்.

இதை 2005-இன் கத்ரீனா புயல் வெட்டவெளிச்சமாக்கியது. வீடிழந்தவர்களுக்காக அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை வாங்கியது. அவற்றில் பெரும்பாலானவை பயண ட்ரெய்லர்கள். பலகை ஒட்டும் பசையிலிருந்து கசிந்த ஃபார்மால்டிஹைடால் குடும்பங்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும் பட்டன. 519 வண்டிகளைச் சோதித்து 2008-இல் வெளியான முடிவில், உட்காற்றில் அந்த வாயு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. பிறகு, குடியிருக்கத் தகுதியற்றது என்ற ஸ்டிக்கருடன் அரசு வாங்கிய அந்த வண்டிகள் ஏலம் போயின. 2010-இல் கடலில் பரவிய எண்ணெய்க் கசிவைத் துடைக்க வந்த தொழிலாளர்கள் அவற்றிலேயே தங்கினார்கள். வசதியுள்ளவர் விருப்பப்பட்டுத் தேர்ந்த வாழ்க்கை என்ற வாதம் இவர்களிடம் செல்லாது.

இன்று பல ட்ரெய்லர் பூங்காக்கள் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சேர்ப்பதில்லை. பாழடைந்த வண்டிகள் குவிந்துவிடும் என்ற உரிமையாளர்களின் அச்சம் புரிகிறது. ஆனால் ரீப்பர் கட்டை வண்டியை அங்குலம் அங்குலமாகப் பிரித்துக் கட்டலாம். கண்ணாடி இழையும் நுரைப்பலகையும் ஒட்டிச் செய்த பிற்காலச் சுவரில் ஈரம் புகுந்து அடுக்குகள் பிரிந்தால் கைவேலையால் மீட்பது மிகக் கடினம். எலும்புக்கூடு முழுக்க மாற்றிய 1965 வண்டி வாசலில் திரும்பிப்போகிறது, உள்ளே ஊறிப்போன எட்டு வயது வண்டி அனுமதி பெறுகிறது. உற்பத்தி ஆண்டைக் கேட்பவர்கள் ஈரமானியை ஒருமுறை சுவரில் வைத்துப் பார்க்கலாம்.