மாத்திரையின் அளவு குறைந்த வரலாறு



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்ததும் தாய் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை சாப்பிட்டா குமட்டுது, தலை வலிக்குது. கிளினிக்ல சொன்னா ஏசுவாங்களோன்னு பேசாம இருக்கேன்" என்றார். அந்தத் தயக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு.

நம் நாட்டில் குடும்பத் திட்டச் சங்கம் 1953-இல் சிலாங்கூரிலும், 1954-இல் நமது பேராக்கிலும் தோன்றியது. 1966-இல் அதற்கென நாடாளுமன்றச் சட்டமே நிறைவேறியது. (1984-இல் ஏழு கோடி மக்கள் தொகை வேண்டும் என அரசு இலக்கு வகுத்தது வேறு கதை.) அன்றைய திட்டத்தில் முதலிடம் பெற்றது மாத்திரையே. பெரட்டுக்குச் சென்று, விடியற்காலையில் பால்மரத்தடியில் உளியோடு நிற்கும் பெண்ணுக்குக் குமட்டல் சிறு துன்பமன்று.

அம்மாத்திரை பெருமளவில் சோதிக்கப்பட்டது 1956-இல், போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடம். அவர்களுள் 17 விழுக்காட்டினர் குமட்டல், தலைசுற்றல், தலைவலி என முறையிட்டதை மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதி அனுப்பினார். ஆய்வாளர் கிரிகோரி பின்கஸ் அவற்றை மனப்பிரமை என்று ஒதுக்கினார். 1960-இல் அமெரிக்கா அதே மாத்திரையைக் கருத்தடைக்கு ஏற்றது. அதில் ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம் இருந்தது! இரத்தம் உறையும் ஆபத்து தெரிந்த பின்னர், 1969-இல் பிரிட்டன் 0.05-க்கு மேல் வேண்டாம் என அறிவுறுத்தியது. 1970-இல் அமெரிக்க மேலவை விசாரணையில், மாத்திரை உண்ட பெண்களுள் ஒருவரைக்கூடச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பெண்கள் எழுந்து கூச்சலிட்டனர். பக்கவிளைவுகளைக் கூறும் துண்டறிக்கை மாத்திரையுடன் வந்தது அதன் பின்னரே.

இன்றைய கூட்டு மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் ஈஸ்ட்ரோஜன் 0.02 முதல் 0.035 வரையே உள்ளது. எனினும் உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கும், பார்வை மங்கி, ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கும், 35 வயதுக்கு மேல் புகைப்போருக்கும் அது ஆகாது. பாலூட்டும் தாய்மாருக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை தரப்படும். அதை நாள்தோறும் ஒரே நேரத்தில் உட்கொள்ள வேண்டும். மூன்று மாத ஊசியில் மாதவிலக்கு ஒழுங்கு தவறும், எடை கூடலாம், எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும். நிறுத்திய பின் கருத்தரிக்க ஓராண்டு வரை தாமதமாகலாம். கையில் பதிக்கும் மூன்றாண்டுக் குச்சியை அகற்றினால் கருவளம் விரைவில் திரும்பும். ஆயினும் ஒழுங்கற்ற உதிரப்போக்கு அதிலும் உண்டு.

அந்தத் தாய் சென்ற வாரம் மீண்டும் வந்தார். கிளினிக்கில் எவரும் ஏசவில்லையாம். இரத்த அழுத்தம் பார்த்து, தலைவலியைப் பற்றி நெடுநேரம் வினவி, மாத்திரையை மாற்றித் தந்தனராம்.