நிறுவனர் மரம்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே நான்கைந்து மணி நேரம் ஓட்டினால் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா. ஈல் ஆற்றின் தென்கிளை அதன் நடுவே ஓடுகிறது. போன கோடையில் மூன்று குடும்பங்களாக அங்கே கூடாரம் அடித்தோம். கரடிக்குப் பயந்து சாம்பார் பொடி முதல் பற்பசை வரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். (ரெட்வுட்டைச் செம்மரம் என்று எழுதினால் நமக்கு ஆந்திர எல்லைக் கடத்தல்தான் நினைவுக்கு வரும். ரெட்வுட் என்றே இருக்கட்டும்.)

மறுநாள் நிறுவனர் தோப்புக்குப் போனோம். அங்கே நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஒன்றுக்கு நிறுவனர் மரம் என்று பெயர். எல்லாரும் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். "யாருப்பா அந்த நிறுவனர்கள்?" என்று பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காட்டுக்குள் சிக்னலும் இல்லை. பதிலைத் தேடியது வீடு திரும்பிய பிறகுதான்.

1917 கோடையில் மூன்று பேர் இந்தக் காடுகளைப் பார்க்கக் காரில் வந்தார்கள். பெர்க்லியில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்த ஜான் மெரியம். நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன். வழக்கறிஞர் மேடிசன் கிராண்ட். புதிய நெடுஞ்சாலை வந்துகொண்டிருந்த நேரம். ஆயிரம் ஆண்டு நின்ற மரங்கள் தண்டவாளக் கட்டைகளாகவும் கூரை ஓடுகளாகவும் திராட்சைக் கொடிக்கு முட்டுக்கழிகளாகவும் போய்க்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டே ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது.

அதே 1917 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஆசியாவின் பெரும்பகுதியைத் தடுக்கப்பட்ட மண்டலமாக அறிவித்த சட்டம் அது. இந்தியாவும் இலங்கையும் அதற்குள் அடக்கம். கிராண்ட் துணைத் தலைவராக இருந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த எழுத்தறிவுத் தேர்வும் அதே சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் 'மகத்தான இனத்தின் மறைவு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். வட ஐரோப்பிய வெள்ளையர்கள் மற்றவர்களோடு கலந்து அழிகிறார்கள் என்பது அதன் வாதம். முன்னுரை எழுதியவர் ஆஸ்போர்ன். போருக்குப் பிறகு நியூரம்பெர்க்கில் நாஜி மருத்துவர்கள் விசாரிக்கப்பட்டபோது, எதிர்த்தரப்பு இந்த நூலையே ஆதாரமாக எடுத்துக்காட்டியது. 1924இல் வந்த கடுமையான ஒதுக்கீட்டுச் சட்டத்துக்காகவும் கிராண்ட் உழைத்தார்.

மரத்தைக் காத்ததும் மனிதரைத் தடுத்ததும் அவருக்கு ஒரே வேலை. இரண்டையும் அழிந்துவரும் தொன்மையான உயர்குலம் என்றே அவர் பார்த்தார். என்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது 1965இல்தான். அப்போதும் ஒவ்வொரு நாட்டுக்கும் உச்சவரம்பு என்பது ஒட்டிக்கொண்டே வந்தது. என் கிரீன் கார்டுக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தேன். அது வேறு கதை. ஆனால் அவ்வளவு வேறும் அல்ல.

இந்த இடத்தில் என் கோபம் கொஞ்சம் தடுமாறுகிறது. மரங்களைக் காத்தவர்கள் அந்த மூவர் மட்டும் அல்ல. யுரேகா நகரில் லாரா பெரட் மஹன் என்ற பெண்மணி 1919 முதல் உள்ளூர்ப் பெண்களைத் திரட்டினார். 1924இல் டயர்வில் சமவெளியில் ஒரு மரக் கம்பெனி வெட்டத் தொடங்கியபோது, அவரும் கணவரும் நேரில் போய் மறித்து நின்றார்கள். நிறுவனர் தோப்பு நிற்பது அந்தச் சமவெளியில்தான். அவர்களுக்கும் முன்னால் இது சின்கியோன் மக்களின் ஆற்றங்கரை. 1850, 60களில் அவர்களைக் கொன்றும் விரட்டியும் காலிசெய்த பிறகுதான் இது யாரோ வாங்கவும் விற்கவும் கூடிய நிலமானது.

ஆறும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறது. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் கொடுத்த 20 லட்சம் டாலர் உதவியோடு 1931இல் புல் கிரீக் ஓடைக்கரைக் காடு வாங்கப்பட்டது. சமவெளியிலிருந்த பெருமரங்கள் பத்திரம் என்று நினைத்தார்கள். மேலே மலைச்சரிவுகள் தனியார் கையில் இருந்தன. அங்கே மரங்களை மொட்டையடித்தார்கள். 1955 டிசம்பர் மழையில் சரிவு மண்ணும் கல்லும் ஓடையை நிரப்ப, வெள்ளம் கரையை அரித்து, காப்பாற்றி வைத்திருந்த பெருமரங்களில் நூற்றுக்கணக்கானவற்றைச் சாய்த்துவிட்டது. பிறகுதான் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் வாங்க இறங்கினார்கள். ஒன்பது ஆண்டு கழித்து 1964 வெள்ளம் வியாட் என்ற ஆற்றங்கரை ஊரையே அடித்துச் சென்றது.

இன்னும் வடக்கே, பிரெய்ரி கிரீக் பூங்காவில் கிராண்டுக்கு 1948இல் வைத்த நினைவுக்கல்லை 2021இல் அகற்றிவிட்டார்கள். நிறுவனர் மரத்தின் பெயர் அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அன்று எடுத்த படத்தை அழித்துவிடலாமா என்றும் கேட்டேன். "எதுக்குப்பா? மரம் என்ன பண்ணுச்சு?" என்றாள். சிறிது நேரம் கழித்து, மஹனுக்கு அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறதாம், நாம் அதைப் பார்க்காமலே வந்துவிட்டோம் என்றாள்.

முகாம் திடலில் இடம் பிடிக்க ஆறு மாதம் முன்பே, காலை எட்டு மணிக்கு, கணினியின் முன் உட்கார வேண்டும். ஜூலைக்கு ஜனவரி. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.